துடுப்பு செல்லும் தூரம்

ஓர் ஆறு விடுதலை பெற்றிருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் தலைப்பிலிருந்து முகத்துவாரம் வரை ஒரு தோணி இறங்காமல் செல்ல முடிகிறதா என்று பார்ப்பதே அது. 2025ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இச்சோதனை நடந்தது. கிளமத் ஆற்றங்கரைப் பழங்குடிகளைச் சேர்ந்த இளைஞர்கள் ஓரிகன் மாநிலத்தில் ஆற்றின் தலைப்பகுதியில் ஜூன் மாதம் சிறுதோணிகளில் ஏறினர். ஏறக்குறைய ஒரு மாதம் துடுப்பு வலித்து, ஐந்நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்து, ஜூலை 11ஆம் நாள் வட கலிபோர்னியாவில் அவ்வாறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தை அடைந்தனர்.

அவர்கள் கடந்து வந்த வழியில் 1918 முதல் 1962 வரையிலான காலத்தில் கட்டப்பட்ட நான்கு நீர்மின் அணைகள் நின்றிருந்தன. அவற்றுள் ஒன்று 2023இலும் மற்ற மூன்று 2024இலும் அகற்றப்பட்டன. அணைகள் போனதற்கு ஒரு நீண்ட போராட்டம் காரணம். 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் குறைந்தது 34,000 மீன்கள், பெரும்பாலும் சால்மன், செத்து மிதந்தன. யூரோக், கரூக் முதலிய பழங்குடியினர் அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக மின் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டங்களிலும் நீதிமன்றங்களிலும் அரசு விசாரணைகளிலும் ஓயாமல் வாதாடினர். கடைசி அணை விலகிய சில வாரங்களிலேயே, 1912க்குப் பின் முதன்முறையாக, சால்மன் மீன்கள் ஓரிகன் எல்லைக்குள் ஏறிவந்தன.

இப்பயணத்தைப் பற்றிய இரு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது, ஆறு திறக்கப்படும் முன்பே, 2022 முதலே, அந்த இளைஞர்களுக்குத் துடுப்புப் பயிற்சி தொடங்கிவிட்டது. அணை போன பிறகு முதலில் இறங்குவோர் ஆற்றுக்கு உரியவர்களாகவே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இரண்டாவது, மேற்பகுதியில் இன்னும் இரண்டு அணைகள் இருக்கின்றன. அவ்விடங்களில் அவர்கள் கரையேறியே கடந்தனர். 'தடையற்ற ஆறு' என்ற சொல்லுக்குள்ளும் சில நூறு கெஜ நடை இருக்கிறது.

அணை அகற்றம் என்றால் நமக்கு உடனே நினைவில் வருவது கல்லும் காரையும் கொண்ட ஒரு பெருஞ்சுவர். அடிக்கல்லும் திறப்பு விழா நாளும் பெயர்ப்பலகையும் கொண்ட சுவர். ஆனால் ஆற்றை நிறுத்துவதற்குச் சுவரே வேண்டும் என்பதில்லை. திருவொற்றியூரின் வரலாறு நமக்குக் காட்டுவது அதைத்தான்.

இரண்டு நீர்களுக்கு நடுவே ஓர் ஊர்

திருவொற்றியூரைக் கோயிலூராகவே நம் இலக்கியம் அறியும். தியாகராசரும் வடிவுடையம்மனும் உறையும் ஊர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். எண்ணெய் வணிகரான கலிய நாயனாரின் ஊர். பட்டினத்தார் அடங்கியதாக நம்பப்படும் ஊர். ஆயினும் நில அமைப்பில் அது ஒரு மணல்திட்டு. கிழக்கே கடல். மேற்கே, மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையில், பக்கிங்காம் கால்வாய். வடக்கே அக்கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆற்றைச் சந்திக்கிறது. அதற்கும் வடக்கே நீர்வழி பழவேற்காட்டு ஏரிக்குச் செல்கிறது.

கொசஸ்தலை என்றும் கொற்றலை என்றும் குசத்தலை என்றும் வழங்கும் இந்த ஆறு 136 கிலோமீட்டர் நீளமுடையது. நீளத்தில் பெரிதல்ல. ஆனால் மனித வாழ்வின் தொன்மையில் இதற்கு ஈடான ஆறுகள் குறைவு. இதன் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குப் பதினைந்து இலட்சம் ஆண்டுகள் அளவில் வயது என்று 2011இல் வெளியான ஆய்வு கணித்தது. சென்னை என்ற பெயர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே மனிதர் இந்த ஆற்றை நம்பி வாழ்ந்திருக்கின்றனர்.

கொக்ரேன் வெட்டிய வழி

சென்னையிலிருந்து எண்ணூருக்கு நீர்வழி அமைத்தவர் பேசில் கொக்ரேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்து, பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரராகப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். 1806இல் அவர் தம் முதலீட்டில் கால்வாயை வெட்டி முடித்து, அதில் செல்லும் படகுகளிடம் சுங்கம் வாங்கினார். கால்வாய்க்குக் 'கொக்ரேன் கால்வாய்' என்றே பெயர் வழங்கியது. பின்னர் இலண்டன் திரும்பிய கொக்ரேன் அங்கே நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை நடத்தியதும், பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது அதில் பணியாற்றியதும் வரலாற்றின் சுவையான கிளைக்கதைகள். தண்ணீரில் பணம் பண்ணும் வித்தையை அவர் எங்கும் மறக்கவில்லை போலும்.

இக்கால்வாய் பழவேற்காடு வரை நீட்டப்பட்டது. 1837இல் அரசு இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தின்போது, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான சுமார் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வடகால்வாயும் தென்கால்வாயும் இணைந்தன. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய் முழுவதற்கும் வைக்கப்பட்டது. மண்ணைச் சுமந்தவர்கள் கூலிக்காக வந்த பஞ்சத்தின் மக்கள். பெயர் மட்டும் கோமகனுடையது. பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் அருகிலுள்ள உப்பங்கழி வரை 420 கிலோமீட்டர் நீண்ட இக்கால்வாயில் 163 கிலோமீட்டர் இன்றைய தமிழ்நாட்டில் உள்ளது.

இக்கால்வாயின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நேர்ந்த அழிவும் புரியும். இது பாசனக் கால்வாய் அன்று. மலையிலிருந்து நீர் இறங்கிவரும் வாய்க்காலும் அன்று. கடற்கரைக்கு இணையாக, பெரும்பாலும் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள், உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்துச் செல்லும் சரடு இது. இதில் நீரை ஏற்றி இறக்குவது ஆற்றின் சரிவைவிடக் கடலின் ஏற்றவற்றமே. ஆறுகளைக் குறுக்கிடும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க அடைப்புக் கதவுகள் இருந்தன. படகு வந்ததும் கதவைத் திறந்து, நீரைச் சமப்படுத்தி, அப்பால் அனுப்புவார்கள். எண்ணூர் முகத்துவாரம் திறந்திருக்கும்வரை கால்வாய்க்கு மூச்சு இருந்தது.

படகுகள் கொண்டுவந்த பொருள்களின் தடம் இன்றும் சென்னையின் பெயர்களில் இருக்கிறது. படகுகள் வந்து தங்கிய நீர்த்தேக்கமே 'பேசின்'. பேசின் பிரிட்ஜ் என்ற பெயர் அதனால் வந்தது. அதற்கருகே உப்புக் கிடங்குகள் இருந்த இடம் 'சால்ட் கொட்டாரஸ்'. நம் கொட்டாரம் என்ற சொல்லே ஆங்கில உடை அணிந்து இரயில் சரக்கு நிலையத்தின் பெயராகிவிட்டது. உப்பு, சவுக்கு விறகு, வைக்கோல், தானியம், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், மீன் ஆகியவை வடக்கிலிருந்து படகில் வந்தன. நகரத்தின் அடுப்பு எரிந்ததும் சுவர் வெளுத்ததும் இந்த நீர்வழியால்தான் என்று சொன்னால் மிகையாகாது.

பாய் விரித்தும், கழி ஊன்றியும், காற்று இல்லாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளை நடத்தினார்கள். இலக்கிய வாசகர்களுக்கு இக்கால்வாயின் தென்பகுதி வேறொரு வகையில் அறிமுகம். 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து படகில் மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அப்பயணத்தில் பிறந்தது. நிலவையும் நீரையும் துய்க்கும் பயணிகளின் மகிழ்ச்சிக்கு நடுவே, படகை நகர்த்தும் தொழிலாளியின் உழைப்பைக் காணும் கண் அக்கவிதைக்கு உண்டு. வடகால்வாய்க்கு அப்படி ஒரு கவிதை வாய்க்கவில்லை. அது சரக்குக் கால்வாய். அதன் பதிவுகள் சுங்கக் கணக்குகளில்தான் இருந்தன.

பெயரில்லா அணைகள்

இந்த நீர்வழி எப்போது மூடப்பட்டது என்று ஒரு நாளைக் குறிக்க இயலாது. மூடப்பட்டது என்று யாரும் ஆணையிடவில்லை என்பதே இதன் சோகம்.

மேல் ஆற்றில் நடந்தவற்றுக்கு நாள் உண்டு, காரணமும் உண்டு. 1872இல் நடைமுறைக்கு வந்த சென்னைக் குடிநீர்த் திட்டத்தில், தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலையின் நீர் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் திருப்பப்பட்டது. அந்நீர் போதாமற் போகவே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. மேயராக இருந்து அதற்கு வழிகோலிய சத்தியமூர்த்தி 1943இல் மறைந்தார். 1944இல் நிறைவுற்ற நீர்த்தேக்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. 1996 முதல் கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. பூண்டிக்குக் கீழே கொசஸ்தலை பெரும்பாலும் மழைக்கால ஆறாகிவிட்டது. ஆனால் பூண்டியை இடிக்க வேண்டும் என்று எவரும் கேட்க மாட்டார். நகரத்தின் தாகத்துக்கு அது பதில்.

கீழே நடந்தது வேறு. 1899இல் விஜயவாடா வரை இரயில்பாதை முடிந்தபோதே படகின் வாணிபம் தளரத் தொடங்கியது. பின்னர் லாரி வந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. பழுது பார்க்கும் அக்கறை அதற்குப் பின் குறைந்தது. நகரத்தின் நடுவில் கால்வாய் சாக்கடையாயிற்று. தொண்ணூறுகளில் பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் படுகையிலேயே நடப்பட்டன. 2008இல் மத்திய அரசு இதைத் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவித்தது. தூண்களுக்கு இடையில் நீர்வழி ஒன்று இருப்பதாகச் சட்டம் சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இன்னும் கனமானது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. அது 2017இல் மூடப்பட்டது. ஆற்றின் மறுகரையில் 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது அங்குள்ள முறை. குழாய்கள் ஆற்றையும் உப்பங்கழியையும் கடந்து செல்கின்றன. அவை கசிந்த இடங்களில் சாம்பல் படுகையில் படிந்தது. சாம்பல் நுண்மையானது. படிந்து இறுகினால் களிமண்ணைப்போல் கெட்டியாகும். ஆழம் குறையும். ஏற்றநீர் ஏறிவரும் தொலைவும் குறையும். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் சுற்றுப்புறத்தில் சதுப்பு நிலங்களும் உப்பளங்களும் மேடாக்கப்பட்டன. கட்டுமானப் பணிகளுக்காக ஆற்றுக்குள் மண்ணும் இடிபாடும் கொட்டித் தற்காலிகப் பாதைகள் போடப்படுவதும், அவற்றை அகற்றக் கோரி மீனவர்கள் போராடுவதும் அண்மை ஆண்டுகளில் நாம் கண்டவை.

இவற்றுள் எதற்கும் 'அணை' என்று பெயரில்லை. ஆனால் நீருக்குப் பெயர் தெரியாது. வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு வெள்ளநீரோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் உப்பும் விறகும் சென்ற அதே வழியில்தான் எண்ணெயும் சென்றது. வாளியும் குவளையும் கொண்டு மீனவர்கள் அதை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. படகுகள் கறுத்தன, வலைகள் வீணாயின. தண்ணீருக்குள் கையைத் துழாவி இறால் பிடிப்பவர்கள் அந்த ஆற்றில் உண்டு. கருவி என்று அவர்களிடம் இருப்பது கை ஒன்றே. அவர்களுக்கு ஆறு எத்தகைய பொருளாக மிஞ்சியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மணலும் ஓர் ஆறுதான்

மேற்கே இப்படியென்றால் கிழக்கே கடற்கரையிலும் ஓர் ஓட்டம் நிறுத்தப்பட்டது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுதும் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கணக்குப் பார்த்தால் மணலின் நிகரப் பயணம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. கரையோரமாக ஓடும் மணலாறு என்று இதைச் சொல்லலாம். 1870களின் நடுவில் தொடங்கிய சென்னைத் துறைமுக வேலை, கடலுக்குள் நீட்டிய கற்சுவர்களால் இந்த மணலாற்றுக்குக் குறுக்கே நின்றது. 1881ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களை உடைத்தது. மீண்டும் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. மெரினாவின் அகலம் அந்தத் தேக்கத்தின் கொடை. வடக்கே மணல் வரவு நின்றது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அக்கரையின் பெரும்பகுதியைக் கொட்டிய கருங்கற்களே காக்கின்றன. தென்சென்னையின் உலாவிடமும் வடசென்னையின் இழப்பும் ஒரே சுவரின் இரு பக்கங்கள்.

கரைக்கு மணல் கொடுக்கும் மற்றொரு வழி ஆறு. அந்த வழி திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆறு சான்று. 1913இலும் 1927இலும் கட்டப்பட்ட இரு அணைகள் அதன் வண்டலை ஏறத்தாழ நூறாண்டு பிடித்து வைத்திருந்தன. முகத்துவாரக் கரை அரித்துக் கூழாங்கல் கரையாகிவிட்டிருந்தது. 2011 முதல் 2014 வரை இரு அணைகளும் அகற்றப்பட்டன. கோடிக்கணக்கான கனமீட்டர் அளவில் வண்டல் இறங்கியது. முகத்துவாரத்தில் புதிய மணற்கரை எழுந்தது. ஆற்றைத் திறந்தவர்கள் மீனுக்காகத் திறந்தனர். கடற்கரையும் திரும்பக் கிடைத்தது.

கொசஸ்தலையில் அப்படியே நடக்கும் என்று சொல்வது பிழை. எல்வா மலையாறு, நம்முடையது சமவெளி ஆறு. நம் துறைமுகமும் எங்கும் போகப் போவதில்லை. ஆயினும் முகத்துவாரமும் கரையும் ஒரே உடம்பின் உறுப்புகள் என்ற பாடம் இரு இடங்களுக்கும் பொது. எண்ணூர் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மூடிக்கொள்வதும், திருவொற்றியூரின் கரை மணலின்றிக் கரைவதும் தொடர்பற்ற இரு செய்திகளாக இரு துறைகளின் கோப்புகளில் இருக்கின்றன. கோப்புகள் பிரிந்திருப்பதால் மணலும் பிரிந்து நடக்காது.

அகற்றக்கூடியது எது?

இங்கேதான் கிளமத்தின் அனுபவம் நமக்குப் பயன்படுகிறது. அந்த இளைஞர்கள் இரு அணைகளைக் கரையேறிக் கடந்தார்கள். அவ்விரண்டும் விலகும்வரை ஆற்றில் இறங்க மாட்டோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நாமும் பூண்டியைக் கரையேறிக் கடக்கலாம். குடிநீரைத் தொட வேண்டியதில்லை. திருவொற்றியூருக்கு மேற்கே உள்ள கால்வாய், எண்ணூர்க் கழிமுகம், பழவேற்காட்டுக்குச் செல்லும் உப்பங்கழி ஆகிய இக்கீழ்ப்பகுதி முழுவதும் கடலின் ஏற்றவற்றத்தால் வாழ்வது. இதற்கு மலைநீர் தேவை மிகக் குறைவு. வழி மட்டும் திறந்திருந்தால் நாள்தோறும் கடலே இதை நிரப்பும், கடலே கழுவும். இங்கே வழியை மறிக்கும் சாம்பல் படிவும், கைவிடப்பட்ட குழாய்களும், இடிபாட்டு மேடுகளும், தூர்ந்த முகத்துவாரமும் எந்த வீட்டுக்கும் ஒரு குடம் தண்ணீர் தருவதில்லை. எந்த விளக்கையும் எரிப்பதுமில்லை. கிளமத்தில் இடிக்கப்பட்ட அணைகளாவது சிறிதளவு மின்சாரம் தந்துகொண்டிருந்தன. நம்முடையவை அதுவும் தரவில்லை. அகற்றுவதால் இழப்பு இல்லாத அணைகள் இவை.

அப்படியானால் ஏன் அகற்றப்படவில்லை? பெயரில்லாததை அகற்ற ஆணையிட முடியாது என்பதே விடை என்று தோன்றுகிறது. கிளமத்தின் நான்கு அணைகளுக்கும் உரிமையாளர் இருந்தார், உரிமம் இருந்தது, உரிமம் காலாவதியாகும் நாள் இருந்தது. வாதாடுவதற்குப் பிடி கிடைத்தது. எண்ணூரில் ஒவ்வொரு மேடும் ஒரு தற்காலிக ஏற்பாடாக வந்தது. தற்காலிகத்துக்குக் காலாவதி நாள் கிடையாது. புறம்போக்கு என்ற நல்ல சொல் வசைச்சொல்லாக மாறியதும் இதே மனப்பாங்கினால்தான். எவர் பெயரிலும் இல்லாத நிலமும் நீரும் எதற்கும் உதவாதவை என்று எண்ணிக்கொண்டோம். 2017இல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் அச்சொல்லின் மானத்தை ஓரளவு மீட்டது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணூரின் சாம்பல் மாசுக்குப் பொறுப்பு எவருடையது என்று தீர்ப்பில் சொல்லி, கழிமுகத்தைச் சீரமைக்கவும் வழி கூறியது. பிடி ஒன்று கிடைக்கத் தொடங்கியிருக்கிறது எனலாம்.

அடுத்து வேண்டியது ஒரு பட்டியல். திருவொற்றியூர்க் கால்வாய்க் கரையிலிருந்து எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை ஒரு படகு எங்கெங்கே தரைதட்டும், எங்கெங்கே இறங்கித் தள்ள வேண்டும், எந்தக் குழாய்க்கு அடியில் ஏற்றநீரின்போது தலை இடிக்கும் என்பதன் பட்டியல். அதைத் தயாரிக்க வெளிநாட்டு வல்லுநர் தேவையில்லை. முகத்துவாரக் குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் உள்ள மீனவர்கள் அதை நாள்தோறும் மனத்தில் வைத்தே துடுப்பை ஊன்றுகின்றனர். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடைக்கும் ஒரு பெயரும், அது வந்த ஆண்டும், அதை வைத்தவர் யார் என்பதும் எழுதப்பட வேண்டும். எழுதப்பட்டால் அவை அணைகளாகும். அணைகளானால் அகற்றச் சொல்லிக் கேட்கலாம்.

1806இல் வெட்டப்பட்ட அந்த வழியில் கட்டணம் கொடுத்துப் படகு சென்றது. இன்று கட்டணம் கேட்பாரில்லை. வழிதான் இல்லை. எண்ணூரின் பிள்ளைகள் அவ்வழியே பழவேற்காடு வரை தோணியில் சென்று திரும்பும் நாள் வருமானால், அன்று அந்த ஆறு விடுதலை பெற்றது என்று நாமும் எழுதலாம்.